பொதிப்பட்டியல் தானியங்கு இற்றைப்படுத்தல்

பொதிப்பட்டியல் தானியங்கு இற்றைப்படுத்தல் என்பது, லினக்ஸ் வழங்கிகளில் சேமிக்கப்பட்டுள்ள மென்பொருள் பொதிகளின் பட்டியலை, மனிதத் தலையீடு இன்றிக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் களஞ்சியத்திலிருந்து புதுப்பிக்கும் செயன்முறை ஆகும். ஒன்றிரண்டு கணினிகளில் இதனை நிர்வாகியே கட்டளை இட்டுச் செய்துவிடலாம். நூற்றுக்கணக்கான வழங்கிகளைக் கொண்ட நிறுவனங்களில் இப்பணி பப்பெட், செஃப், ஆன்சிபிள், சால்ட் போன்ற அமைவடிவ மேலாண்மைக் கருவிகளின் மூலம் நடைபெறுகிறது.

பட்டியலைப் புதுப்பிப்பதால் வழங்கியில் நிறுவப்பட்டுள்ள எந்த மென்பொருளும் மாறுவதில்லை. எனினும் புதிய மென்பொருளை நிறுவுதல், பாதுகாப்புத் திருத்தங்களைக் கண்டறிதல் ஆகிய இரண்டும் இப்பட்டியலையே சார்ந்துள்ளன. பட்டியல் பழையதாக இருப்பின், திருத்தம் வெளிவந்த பின்னரும் வழங்கி "அனைத்தும் புதிய நிலையில் உள்ளன" என்றே தெரிவிக்கும். இக்கட்டுரை டெபியன், உபுண்டு ஆகிய இயங்குதளங்களில் பயன்படும் ஆப்ட் பொதி மேலாண்மைக் கருவியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

அடிப்படைக் கருத்துக்கள்

லினக்ஸ் வழங்கல்களில் மென்பொருட்கள் பொதிகளாக வெளியிடப்படுகின்றன. ஒரு பொதியில் நிரலின் கோப்புகளுடன், அதன் பெயர், பதிப்பு எண், அது இயங்கத் தேவையான பிற பொதிகள் ஆகிய விபரங்களும் அடங்கியிருக்கும். பொதிகள் அனைத்தும் களஞ்சியம் எனப்படும் வழங்கியில் வைக்கப்பட்டு, உலகெங்கும் உள்ள பிரதித் தளங்களுக்குப் படியெடுக்கப்படுகின்றன. 2023 சூன் மாதம் வெளியான டெபியன் 12 பதிப்பில் 64,000இற்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன.

இத்தனை பொதிகளில் எவை எந்தப் பதிப்பில் கிடைக்கின்றன என்பதை ஒவ்வொரு முறையும் களஞ்சியத்திடம் கேட்டறிவது இயலாது. எனவே களஞ்சியம் ஒரு பட்டியற் கோப்பை வெளியிடுகிறது. டெபியன் 12இன் முதன்மைப் பகுதிக்கான இக்கோப்பு, சுருக்கப்பட்ட நிலையில் ஏறக்குறைய 9 மெகாபைட் அளவுடையது. "ஆப்ட்-கெட் அப்டேட்" என்ற கட்டளை இக்கோப்பைப் பதிவிறக்கி, வழங்கியில் "/வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்" என்ற அடைவில் சேமிக்கிறது. அதன் பின்னர் ஆப்ட் எடுக்கும் முடிவுகள் அனைத்தும் இந்த உள்ளூர்ப் படியைக் கொண்டே எடுக்கப்படுகின்றன.

பட்டியலின் உண்மைத்தன்மை ஒரு சங்கிலித் தொடராக உறுதி செய்யப்படுகிறது. களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு இலக்கமுறைக் கையொப்பம் இடப்பட்டது. அக்கோப்பில் பட்டியல்களின் சரிபார்ப்புத் தொகைகளும், பட்டியலில் ஒவ்வொரு பொதியின் சரிபார்ப்புத் தொகையும் உள்ளன. எனவே பிரதித் தளம் நம்பகமற்றதாக இருந்தாலும், மாற்றப்பட்ட பொதியை வழங்கி ஏற்பதில்லை. டெபியனில் இவ்வசதி 2007இல் வெளியான 4.0 பதிப்பிலிருந்து இயல்பாக இடம்பெற்றுள்ளது.

இற்றைப்படுத்தலும் மேம்படுத்தலும்

"அப்டேட்" என்ற சொல் பொதுவழக்கில் மென்பொருளைப் புதிய பதிப்பிற்கு மாற்றுவதைக் குறிக்கிறது. ஆப்ட் கருவியில் அதன் பொருள் வேறு. இங்கு இரண்டு தனித்தனிச் செயல்கள் உள்ளன.

* இற்றைப்படுத்தல்: களஞ்சியத்திலிருந்து பொதிப்பட்டியலை மட்டும் புதுப்பித்தல். நிறுவப்பட்ட நிரல்கள் மாறுவதில்லை. சேவைகள் நிற்பதுமில்லை.
* மேம்படுத்தல்: பட்டியலில் காணப்படும் புதிய பதிப்புகளைப் பதிவிறக்கி நிறுவுதல். இதனால் நிரலின் நடத்தை மாறலாம். சேவைகள் மறுதொடக்கம் செய்யப்படலாம்.

இவ்வேறுபாடே தானியங்கு முறையின் அடித்தளம் ஆகும். மேம்படுத்தலுக்குச் சோதனையும் ஒப்புதலும் தேவைப்படலாம். தரவுத்தள வழங்கி ஒன்றை வேலை நேரத்தில் எவரையும் கேளாமல் மறுதொடக்கம் செய்வது பல நிறுவனங்களில் ஏற்கப்படாது. பட்டியலை இற்றைப்படுத்துவதில் இத்தகைய இடர் இல்லாததால், மேம்படுத்தலை மனிதர் கையில் வைத்திருக்கும் இடங்களிலும் இற்றைப்படுத்தலைத் தானியங்கு முறைக்கு விடலாம். இரண்டையும் ஒன்றாகக் கருதி, "தானாக எதுவும் மாறக் கூடாது" என்ற கொள்கையின் பெயரில் பட்டியல் இற்றைப்படுத்தலையும் நிறுத்திவிடும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. இதனால் மாற்றங்கள் தவிர்க்கப்படுவதுடன், மாற்றம் தேவை என்பதை அறியும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

பழைய பட்டியலின் விளைவுகள்

நிறுவல் தோல்வி

களஞ்சியத்தில் ஒரு பொதியின் புதிய பதிப்பு வெளியானதும், பழைய பதிப்பின் கோப்பு பெரும்பாலும் அங்கிருந்து நீக்கப்படுகிறது. பழைய பட்டியலைக் கொண்ட வழங்கி, இல்லாமற்போன அக்கோப்பையே கேட்கும். களஞ்சியம் "404" என்ற பிழைச்செய்தியைத் திருப்பி அனுப்பும், நிறுவல் தோல்வியுறும். பல வாரங்களுக்கு முன் ஆயத்தம் செய்த வட்டுப் படிமத்திலிருந்து புதிய வழங்கிகளை உருவாக்கும் போது இப்பிழை அடிக்கடி ஏற்படுகிறது. நெருக்கடியின் போது கூடுதல் வழங்கிகளைச் சேர்க்க முற்படும் வேளையில்தான் இது வெளிப்படுகிறது என்பதால் இதன் பாதிப்பு அதிகம்.

டாக்கர் கொள்கலன்களிலும் இதே சிக்கல் உண்டு. பட்டியல் இற்றைப்படுத்தலும் பொதி நிறுவலும் தனித்தனி அடுக்குகளாக எழுதப்பட்டால், முதல் அடுக்கு தற்காலிகச் சேமிப்பிலிருந்து மீளப் பயன்படுத்தப்படும். இரண்டாம் அடுக்கு பல மாதங்களுக்கு முந்தைய பட்டியலைக் கொண்டு இயங்கும். எனவே இரு கட்டளைகளையும் ஒரே வரியில் இணைத்து எழுதுவது மரபாயிற்று.

பாதுகாப்புத் திருத்தங்கள் தென்படாமை

இரண்டாவது விளைவு பிழைச்செய்தி எதையும் தருவதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் காணப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் குறைபாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 2014 ஏப்ரல் 7, திங்கட்கிழமை அன்று இக்குறைபாடு வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் வழங்கியின் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரையான தரவைத் தாக்குபவர் பெற இது வழிசெய்தது. கடவுச்சொற்களும் இரகசியத் திறவுகோல்களும் அவ்வாறு வெளியேறக் கூடியவை. டெபியன் திட்டம் அதே நாளில் திருத்தப்பட்ட பொதியை வெளியிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் பட்டியலை இற்றைப்படுத்தும் வழங்கி ஒன்றைக் கருதலாம். அது கடைசியாகப் பட்டியலைப் பெற்றது ஏப்ரல் 6ஆம் நாள். ஏப்ரல் 13 வரை அவ்வழங்கியிடம் மேம்படுத்தல் உண்டா என்று எத்தனை முறை கேட்டாலும் அது "இல்லை" என்றே விடையளிக்கும். விடை பொய்யன்று, அதனிடம் உள்ள பட்டியலின்படி அதுவே உண்மை. நாள்தோறும் இற்றைப்படுத்தும் வழங்கியோ மறுநாளே திருத்தத்தைக் கண்டிருக்கும்.

டெபியனின் திருத்தம் நிரலின் மூலப் பதிப்பு எண்ணை மாற்றாமல், 1.0.1இ என்ற பழைய பதிப்பிலேயே பின்னொட்டு எண்ணை உயர்த்தி வெளியானது. ஆகவே மூல எண்ணை மட்டும் பார்த்து வழங்கி பாதுகாப்பானதா எனக் கூற இயலாது. இற்றைப்பட்ட பட்டியலுடன் ஒப்பிடுவதே நம்பகமான வழி ஆகும்.

வரலாறு

டெபியனின் அடிப்படைப் பொதிக் கருவியான டிபிகேஜி 1994இல் உருவானது. அது தனிப் பொதிகளை நிறுவக் கூடியது. களஞ்சியத்திலிருந்து தானே பொதிகளைத் தேடி எடுக்காது. இக்குறையை நீக்க 1998இல் ஆப்ட் உருவாக்கப்பட்டு, 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. நிர்வாகிகள் கிரான் எனப்படும் கால அட்டவணை நிரலில் ஆப்ட் கட்டளையைச் சேர்த்து, இரவு நேரங்களில் பட்டியலைத் தாமே இற்றைப்படுத்தி வந்தனர்.

அமைவடிவ மேலாண்மைக் கருவிகள் இணையாக வளர்ந்தன. 1993இல் நோர்வேயின் ஒஸ்லோ நகரில் மார்க் பர்கெஸ் சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை உருவாக்கினார். ஒரு கணினி எந்நிலையில் இருக்க வேண்டும் என்பதை எழுதிவைத்து, அந்நிலைக்கு அதனைக் கொண்டுவரும் பொறுப்பை நிரலிடம் விடுவது இதன் அடிப்படை எண்ணம். பின்னர் லூக் கேனிஸ் 2005இல் பப்பெட்டையும், ஆடம் ஜேக்கப் 2009இல் செஃபையும், தாமஸ் ஹாட்ச் 2011இல் சால்ட்டையும், மைக்கேல் டிஹான் 2012இல் ஆன்சிபிளையும் வெளியிட்டனர்.

இயங்குதளத்தின் உள்ளமைந்த வசதி

ஆப்ட் கருவியில் காலமுறை இற்றைப்படுத்தலுக்கான வசதி உள்ளேயே அமைந்துள்ளது. "ஆப்ட்::பீரியாடிக்::அப்டேட்-பேக்கேஜ்-லிஸ்ட்ஸ்" என்ற அமைப்பிற்கு இடப்படும் எண், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை பட்டியலை இற்றைப்படுத்த வேண்டும் என்பதைக் குறிக்கும். 1 எனில் நாள்தோறும். 7 எனில் வாரந்தோறும். 0 எனில் இவ்வசதி முடக்கப்படும். "அன்அட்டெண்டட்-அப்கிரேட்" என்ற மற்றோர் அமைப்பு தானியங்கு மேம்படுத்தலைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டும் தனித்தனி அமைப்புகளாக இருப்பதால், இற்றைப்படுத்தலை இயக்கி மேம்படுத்தலை நிறுத்திவைக்க முடியும்.

முன்னர் இப்பணி கிரான் மூலம் இயங்கியது. பின்னர் சிஸ்டம்டியின் நேரங்காட்டிக்கு மாற்றப்பட்டது. அந்நேரங்காட்டி காலை 6 மணி, மாலை 6 மணி என இருமுறை குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் ஒவ்வொரு வழங்கியும் 12 மணி நேரம் வரை எழுமானமான தாமதத்துடன் அதனைத் தொடங்கும். உலகில் உள்ள அத்தனை வழங்கிகளும் ஒரே நொடியில் களஞ்சியத்தை அணுகாதிருக்கவே இத்தாமதம். நேரங்காட்டி நாளுக்கு இருமுறை எழுந்தாலும், மேற்கூறிய எண்ணின்படி போதிய நாட்கள் கடந்திருந்தால் மட்டுமே பட்டியல் பெறப்படும்.

இவ்வசதி இருக்க அமைவடிவ மேலாண்மைக் கருவி எதற்கு என்ற கேள்வி எழலாம். இரு காரணங்கள் கூறலாம். முதலாவது, எல்லா வழங்கிகளிலும் ஒரே அமைப்பு இருப்பதை உறுதி செய்தல். ஒரு வழங்கியில் எவரேனும் எண்ணை 0 ஆக மாற்றினால், அடுத்த ஓட்டத்தில் கருவி அதனை மீட்டுவிடும். இரண்டாவது, ஒழுங்கு வரிசை. கருவி ஒரு பொதியை நிறுவ முற்படும் அக்கணத்திற்கு முன் பட்டியல் புதியதாக இருக்க வேண்டும். நேரங்காட்டியின் எழுமானத் தாமதம் இதற்கு உறுதி தராது.

அமைவடிவ மேலாண்மைக் கருவிகளில்

எத்தனை முறை இயக்கினாலும் முடிவு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது இக்கருவிகளின் பொதுக் கொள்கை. இதனை ஐடம்பொட்டன்ஸ் என்பர். "இப்பொதி நிறுவப்பட்டிருக்க வேண்டும்" என்ற விதி இக்கொள்கைக்குப் பொருந்தும். ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால் கருவி எதையும் செய்யாது. "பட்டியலை இற்றைப்படுத்து" என்பதோ ஒரு நிலையைக் குறிப்பதன்று. ஒரு செயலைக் குறிப்பது. அதனை அப்படியே எழுதினால் ஒவ்வோர் ஓட்டத்திலும் அது நடைபெறும்.

பப்பெட் முகவர் முன்னிருப்பாக 30 நிமிடங்களுக்கு ஒருமுறை இயங்குகிறது. அதாவது நாளொன்றுக்கு 48 ஓட்டங்கள். 1000 வழங்கிகள் உள்ள நிறுவனத்தில் நாளொன்றுக்கு 48,000 இற்றைப்படுத்தல்கள் நிகழும். களஞ்சியத்தில் மாற்றமில்லாத போது ஒவ்வொன்றும் சிறிய வினவலாகவே முடியும் என்றாலும், தன்னார்வலர்கள் நடத்தும் பிரதித் தளங்களுக்கு இது தேவையற்ற சுமை. மேலும் ஒவ்வோர் ஓட்டத்தின் அறிக்கையிலும் "மாற்றம் நிகழ்ந்தது" எனப் பதிவாவதால், உண்மையான மாற்றங்கள் அவற்றிடையே மறைந்துவிடும்.

இதற்குத் தீர்வு, செயலை நிலையாக மாற்றி எழுதுவதாகும். "பட்டியலின் வயது ஒரு நாளுக்கு மேற்படக் கூடாது" என்பது ஒரு நிலை. பட்டியல் கடைசியாக வெற்றிகரமாகப் பெறப்பட்ட நேரத்தை நேரமுத்திரைக் கோப்பு ஒன்றிலிருந்து அறிந்து, வரம்பு கடந்திருந்தால் மட்டுமே கருவி கட்டளையை இயக்கும். முக்கியக் கருவிகள் அனைத்தும் ஏதேனும் ஒரு வடிவில் இதனைப் பின்பற்றுகின்றன.

பப்பெட்

பப்பெட்டின் ஆப்ட் கூறில் இற்றைப்படுத்தலின் அடுக்கைக் குறிக்கும் அமைப்பு உள்ளது. "எப்போதும்", "நாள்தோறும்", "வாரந்தோறும்", "தயக்கத்துடன்" எனப் பொருள்படும் மதிப்புகளை அதற்கு இடலாம். இவற்றுள் கடைசியே முன்னிருப்பு ஆகும். அதன்படி களஞ்சியங்களின் அமைப்பு மாறும்போது மட்டுமே பட்டியல் பெறப்படும். களஞ்சிய அமைப்பு ஆண்டுக்கணக்கில் மாறாத வழங்கிகளில், இம்மதிப்பை மாற்றாதவரை பப்பெட்டால் பட்டியல் இற்றைப்படுத்தப்படாது.

பப்பெட்டில் விதிகள் எழுதப்பட்ட வரிசையும் அவற்றிடையே உள்ள சார்பும் வேறு வேறு. எனவே எல்லாப் பொதி விதிகளுக்கும் முன்பாக இற்றைப்படுத்தல் நிகழ வேண்டும் என்ற சார்பைத் தனியே எழுதுவது வழக்கம். களஞ்சியத்தைச் சேர்ப்பதற்கே ஒரு பொதி தேவைப்படும் இடங்களில் இச்சார்பு வட்டமாகிவிடும். அவ்வாறான பொதியை மட்டும் இச்சார்பிலிருந்து விலக்க வேண்டும்.

செஃப்

செஃபில் "ஆப்ட்_அப்டேட்" என்ற வளம் உள்ளது. அதன் காலமுறைச் செயலுக்கான முன்னிருப்பு இடைவெளி 86,400 விநாடிகள், அதாவது ஒரு நாள். ஒவ்வொரு வெற்றிகரமான இற்றைப்படுத்தலுக்குப் பின்னும் நேரமுத்திரை பதியும்படி ஆப்டின் அமைப்பையும் இவ்வளமே மாற்றி வைக்கிறது. செஃப் விதிகள் எழுதப்பட்ட வரிசையிலேயே இயங்குவதால், இவ்வளத்தை முதலில் எழுதினால் போதுமானது.

ஆன்சிபிள்

ஆன்சிபிளின் ஆப்ட் கூறில் இரு அமைப்புகள் உள்ளன. ஒன்று பட்டியலை இற்றைப்படுத்துமாறு கூறுவது. மற்றொன்று பட்டியல் எத்தனை விநாடிகள் வரை செல்லுபடியாகும் என்பதைக் குறிப்பது. இரண்டாவதன் முன்னிருப்பு மதிப்பு 0. எனவே முதலாவதை மட்டும் எழுதினால் ஒவ்வொரு முறையும் பட்டியல் பெறப்படும். 3600 என எழுதினால் ஒரு மணி நேரத்திற்குள் பெறப்பட்ட பட்டியல் ஏற்கப்படும்.

பப்பெட்டைப் போலன்றி ஆன்சிபிள் வழங்கியில் தொடர்ந்து இயங்குவதில்லை. நிர்வாகி இயக்கும் போது மட்டுமே செயற்படுகிறது. ஆகவே ஆன்சிபிள் கொண்டு ஆப்டின் காலமுறை அமைப்பை எழுதிவைத்து, அன்றாடப் பணியை நேரங்காட்டியிடம் விடுவதே பொருத்தமான முறை ஆகும்.

சால்ட்

சால்ட் ஒரு நிலை ஓட்டத்தில் முதற் பொதி விதியைச் சந்திக்கும் போது பட்டியலை ஒருமுறை இற்றைப்படுத்திக்கொண்டு, அவ்வோட்டத்தின் எஞ்சிய பகுதியில் அதனையே பயன்படுத்துகிறது. தனியே இற்றைப்படுத்துவதற்கான செயற்கூறையும் அதன் கால அட்டவணை வசதியையும் இணைத்துக் காலமுறைப் பணியாக்கலாம்.

நடைமுறைச் சிக்கல்கள்

பூட்டு மோதல்

ஒரே நேரத்தில் இரு நிரல்கள் பட்டியலை மாற்றாதிருக்க ஆப்ட் பூட்டுக் கோப்பைப் பயன்படுத்துகிறது. புதிதாகத் தொடங்கிய மேகக் கணிமை வழங்கியில், இயங்குதளத்தின் நேரங்காட்டியும் அமைவடிவ மேலாண்மைக் கருவியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுகின்றன. முதலில் வந்தது பூட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றது பிழையுடன் நின்றுவிடும். பூட்டுக் கோப்பை அழிப்பது தவறான தீர்வாகும். அது பொதித் தரவுத்தளத்தைச் சிதைக்கக் கூடும். முதற் பணி முடியும்வரை காத்திருந்து மீண்டும் முயலுமாறு கருவியை அமைப்பதே சரியான முறை.

ஒரே நேரத்தில் அணுகுதல்

நிர்வாகி ஒருவர் கிரான் பணியை அதிகாலை 4 மணிக்கு என எழுதி, அதனை எல்லா வழங்கிகளுக்கும் பரப்பினால், அவை அனைத்தும் 4 மணிக்கே களஞ்சியத்தை அணுகும். பப்பெட்டில் வழங்கியின் பெயரைக் கொண்டு எழுமான எண்ணை உருவாக்கும் சார்பு ஒன்று உண்டு. ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே எண் கிடைப்பதால், வழங்கிகள் வெவ்வேறு நிமிடங்களுக்குப் பிரிந்தாலும், ஒவ்வொன்றின் நேரமும் நாளுக்கு நாள் மாறாது.

பொருந்தாத சரிபார்ப்புத் தொகை

பிரதித் தளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வேளையில் வழங்கி பட்டியலைப் பெற்றால், வெளியீட்டுக் கோப்பு ஒரு காலத்ததாகவும் பட்டியல் வேறு காலத்ததாகவும் அமையும். சரிபார்ப்புத் தொகை பொருந்தாமல் இற்றைப்படுத்தல் தோல்வியுறும். கோப்பின் பெயராகவே அதன் சரிபார்ப்புத் தொகையைப் பயன்படுத்தும் முறை வந்த பின்னர் இச்சிக்கல் பெருமளவு குறைந்துள்ளது.

ஓசையற்ற தோல்வி

இற்றைப்படுத்தலின் போது ஒரு களஞ்சியத்தை அணுக இயலாவிடில், ஆப்ட் ஓர் எச்சரிக்கையை வெளியிட்டு, பழைய பட்டியலையே தொடர்ந்து பயன்படுத்தும். கட்டளையின் முடிவுக்குறி பெரும்பாலும் வெற்றியையே காட்டும். பிணையத் தடை தற்காலிகமானது என்ற எண்ணத்தில் இவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது. திரையைப் பார்க்கும் மனிதர் எச்சரிக்கையைக் காண்பார்; முடிவுக்குறியை மட்டும் பார்க்கும் தானியங்கு நிரல் காணாது. தீச்சுவர் விதி ஒன்று மாற்றப்பட்டதால் களஞ்சியம் எட்டாமற்போன வழங்கி, மாதக்கணக்கில் "வெற்றி" எனத் தெரிவித்துக்கொண்டிருக்கலாம். எந்தத் தோல்வியையும் பிழையாகக் கொள்ளச் செய்யும் விருப்பத்தேர்வு ஆப்டின் பிந்தைய பதிப்புகளில் சேர்க்கப்பட்டுள்ளது.

வெளியீட்டு விபரம் மாறுதல்

2021 ஆகத்து 14 அன்று டெபியன் 11 வெளியானது. அதனுடன் டெபியன் 10, "நிலையானது" என்ற தகுதியிலிருந்து "முந்தைய நிலையானது" என்ற தகுதிக்கு மாறியது. களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பில் இச்சொல் மாறியதைக் கண்ட ஆப்ட், அம்மாற்றத்தை நிர்வாகி வெளிப்படையாக ஏற்க வேண்டும் எனக் கூறி இற்றைப்படுத்தலை நிறுத்தியது. விசைப்பலகையின் முன் ஒருவர் இருந்தால் ஒரு விடையில் இது முடிந்துவிடும். விடை கூற எவரும் இல்லாத தானியங்குப் பணிகளோ பிழையுடன் நின்றன. இத்தகைய மாற்றத்தை முன்கூட்டியே ஏற்பதற்கு ஆப்டில் ஒரு விருப்பத்தேர்வு உண்டு. எதிர்பாராத மாற்றத்தை மனிதர் பார்வைக்குக் கொண்டுவரும் காப்பு என்பதால், அதனை நிலையாக இயக்கி வைப்பதில் கருத்து வேறுபாடு உள்ளது.

ஆதரவுக் காலம் முடிந்த பதிப்புகளின் களஞ்சியங்கள் ஆவணத் தளத்திற்கு மாற்றப்படும் போதும் இற்றைப்படுத்தல் நின்றுவிடும். அப்போது முகவரியை மாற்றினால் பிழை மறையுமே தவிர, புதிய திருத்தங்கள் வாரா.

பாதுகாப்பு

கையொப்பம் பட்டியலின் உண்மையை உறுதி செய்யும். அதன் புதுமையை உறுதி செய்யாது. சென்ற மாதத்துப் பட்டியலும் முறையாகக் கையொப்பம் இடப்பட்டதே. 2008இல் அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தீய நோக்குடைய பிரதித் தளம் ஒன்று பழைய பட்டியலையே தொடர்ந்து வழங்கி, வழங்கிகளைப் பழைய நிலையில் உறையவைக்க முடியும் என்பதைக் காட்டினர். இல்லாத நிறுவனம் ஒன்றின் பெயரில் வழங்கியை வாடகைக்கு எடுத்து, முன்னணி லினக்ஸ் வழங்கல்களின் பிரதித் தளப் பட்டியல்களில் இடம்பெறுவது எளிது என்பதையும் அவர்கள் செய்து காட்டினர்.

இதற்குக் காப்பாக, வெளியீட்டுக் கோப்பில் காலாவதி நாளைக் குறிக்கும் முறை பயன்படுகிறது. டெபியனின் பாதுகாப்புக் களஞ்சியம் இந்நாளைக் குறித்தே வெளியிடுகிறது. அந்நாள் கடந்த பட்டியலை ஆப்ட் ஏற்பதில்லை. இதனால் வழங்கியின் கடிகாரமும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிறது. கடிகாரம் பின்தங்கினால், புதிய பட்டியல் "இன்னும் செல்லுபடியாகவில்லை" என மறுக்கப்படலாம். முந்தினால் நல்ல பட்டியலும் காலாவதியானதாகத் தோன்றும். எனவே நேர ஒத்திசைவு இப்பணியின் முன்தேவை ஆகும்.

இற்றைப்படுத்தல் முற்றிலும் இடரற்றது எனவும் கூற இயலாது. 2019 சனவரியில் ஆப்டின் பதிவிறக்கப் பகுதியிலேயே குறைபாடு ஒன்று அறிவிக்கப்பட்டது. சிவிஇ-2019-3462 எனக் குறிக்கப்படும் இது, பிணையத்தின் இடையில் இருப்பவர் வழிமாற்று விடையைத் திரித்து, வழங்கியில் தம் நிரலை உயர் உரிமையுடன் இயக்க இடமளித்தது. திருத்தப்பட்ட ஆப்டையும் ஆப்ட் மூலமே பெற வேண்டியிருந்ததால், அம்மேம்படுத்தலின் போது மட்டும் வழிமாற்றலை முடக்குமாறு டெபியன் அறிவுறுத்தியது.

பட்டியலை உறையவைத்தல்

இற்றைப்படுத்தலின் விரைவும் மாற்றத்தின் மீதான கட்டுப்பாடும் ஒன்றையொன்று எதிர்ப்பதாகத் தோன்றலாம். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் திட்டமிட்டுப் புகுத்தப்பட்ட பின்கதவு வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது. அப்பதிப்புகள் டெபியனின் சோதனைப் பிரிவுகளை எட்டியிருந்தன. நிலையான வெளியீட்டை எட்டவில்லை. புதிய பதிப்பு என்பதாலேயே அது பாதுகாப்பானது ஆகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

இவ்விரண்டையும் இணைக்கப் பெரிய நிறுவனங்கள் களஞ்சியத்தின் படியை ஆப்ட்லி, பல்ப் போன்ற கருவிகள் மூலம் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. குறிப்பிட்ட நாளின் நிலை ஒரு நிழற்படியாகச் சேமிக்கப்பட்டு, முதலில் சோதனை வழங்கிகளுக்கும், பின்னர் ஏனையவற்றிற்கும் அளிக்கப்படுகிறது. வழங்கிகள் நாள்தோறும் பட்டியலை இற்றைப்படுத்தினாலும், எந்த நிழற்படியைக் காண்கின்றன என்பதை நிர்வாகி முடிவு செய்கிறார். இம்முறையில் நிழற்படியே பழையதாகிவிடும் வாய்ப்பு உண்டு. எனவே பாதுகாப்புக் களஞ்சியத்தை மட்டும் உறையவைக்காமல் விடுவதும் வழக்கில் உள்ளது.

கண்காணிப்பு

தானியங்குப் பணி நின்றுவிட்டதை அப்பணியே அறிவிக்காது. ஆகவே பட்டியலின் வயதை வேறொரு நிரல் அளக்க வேண்டும். கண்காணிப்புக் கருவியில் பின்வரும் அளவீடுகள் பயன்படும்.

* கடைசி வெற்றிகரமான இற்றைப்படுத்தலுக்குப் பின் கடந்த நேரம். இடைவெளி ஒரு நாள் எனில், மூன்று நாட்களுக்கு மேற்பட்டால் எச்சரிக்கலாம்.
* காத்திருக்கும் பாதுகாப்பு மேம்படுத்தல்களின் எண்ணிக்கை.
* மேம்படுத்தப்பட்ட பின்னும் பழைய நூலகத்தை நினைவகத்தில் வைத்து இயங்கும் சேவைகள். நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இவற்றைப் பட்டியலிடும்.

முதல் அளவீடு இல்லாமல் இரண்டாவதற்குப் பொருளில்லை. காத்திருக்கும் மேம்படுத்தல்கள் சுழியம் எனக் காட்டும் வழங்கி, அனைத்தையும் நிறுவி முடித்ததாகவும் இருக்கலாம். நூறு நாட்களாகப் பட்டியலைப் பெறாததாகவும் இருக்கலாம்.

பிற பொதி மேலாண்மைக் கருவிகளில்

ரெட் ஹாட், ஃபெடோரா ஆகியவற்றின் டிஎன்எஃப் கருவியில் இச்சிக்கல் வேறு வகையில் கையாளப்படுகிறது. பட்டியலின் ஆயுட்காலத்தைக் கருவியே கணக்கில் வைத்து, நிறுவல் கட்டளையின் போது காலம் கடந்திருந்தால் தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. களஞ்சியத்தின் அமைப்பில் வேறு குறிப்பிடப்படாவிடில் இவ்வாயுட்காலம் 48 மணி நேரம். ஆப்டில் அமைவடிவ மேலாண்மைக் கருவி செய்யும் வயதுச் சோதனையை இங்கு பொதிக் கருவியே செய்கிறது எனலாம். ஆயினும் 48 மணி நேரத்திற்குள் வெளியான திருத்தம் தென்படாமற்போகலாம் என்பதால், அவசரத் திருத்தங்களின் போது பட்டியலைக் கட்டாயமாகப் புதுப்பிக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* பொதி மேலாண்மை
* அமைவடிவ மேலாண்மை
* டெபியன்
* உபுண்டு
* ஹார்ட்பிளீட்
* இலக்கமுறைக் கையொப்பம்